கடைவாய்ப்பல்லும் செயற்கை வால்வும்: மகள் வீட்டுக்கு அமெரிக்கா சென்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, வெளிநாட்டில் தங்கியிருந்தபோது பல்வேரில் சீழ் பிடித்ததையும், அதற்கு அவர் சிகிச்சை பெற்ற விதத்தையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் குடும்ப மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நோயாளியும் அவருடைய மகளும் இதைப் பகிர ஒப்புதல் அளித்துள்ளனர். ஊர், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள் தரப்படவில்லை.

பின்னணி

நோயாளி தென் தமிழ்நாட்டைச் சேர்ந்த, 64 வயதான, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வைப் படிப்படியாகச் சுருக்கிவிட்டதால், 2009-ஆம் ஆண்டு அந்த வால்வு நீக்கப்பட்டுச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. பொருத்தப்பட்டது டிடிகே சித்ரா என்ற உலோக வால்வு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டுவரும் இந்த வால்வு நம் நாட்டு இதய மருத்துவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. அமெரிக்க மருத்துவர் ஒருவர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உலோக வால்வு உள்ளவர்கள் அதில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். இவர் சாப்பிட்டுவந்தது அசிட்ரோம். அதன் பொதுப்பெயர் அசினோகூமரால். மாத்திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்பதை ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை காட்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருப்பவருக்கு இந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வால்வில் இரத்தம் உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். மேலே போனால் இரத்தக்கசிவு. இவர் மாதந்தோறும் பரிசோதித்துக்கொள்பவர், ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2.8-ஐ ஒட்டியே இருந்துவந்தது. இலேசான இரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை நோய் இல்லை.

பயணத்திற்கு முந்தைய நிலை

2023-ஆம் ஆண்டு, நியூ ஜெர்சியில் வசிக்கும் மகளின் முதல் பிரசவத்திற்காக அவரும் மனைவியும் ஆறு மாதம் அங்கே தங்கும் எண்ணத்துடன் புறப்பட்டார்கள். புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில் வலி என்று உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் வேர் சிகிச்சையைத் தொடங்கி, தற்காலிக அடைப்பு வைத்து, இன்னும் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார். வலி நின்றுவிட்டது. சாமான் கட்டுவது, உறவினரிடம் சொல்லிக்கொள்வது, பொடி வகைகள் அரைப்பது என்று நாட்கள் ஓட, மிச்சத்தைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இப்படி விட்டுவிடுவது நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கிறது. வேர் சிகிச்சையின் முதல் கட்டத்தில் பல்லுக்குள் இருக்கும் நரம்பு அகற்றப்படுவதால் வலி போய்விடுகிறது. வலி போனதும் நோயும் போய்விட்டதாக மனம் நம்புகிறது. உண்மையில் வேர்க்கால்வாய் இன்னும் நிரப்பப்படாமல் வெறுமையாகவே இருக்கும். தற்காலிக அடைப்பு சில வாரங்கள் தாங்குவதற்கே வைக்கப்படுவது. அது தேய்ந்து எச்சில் உள்ளே கசியத் தொடங்கினால், நரம்பு இல்லாத அந்தப் பல் எந்த எச்சரிக்கையும் தராமல் வேர்நுனியில் சீழ் சேர்த்துக்கொண்டே போகும்.

விமானம் ஏறுவதற்குச் சில நாட்கள் முன்பு அவர் என்னிடம் வந்தார், பயணத்திற்கு உடல்தகுதிச் சான்று வாங்க. அதோடு ஒரு பக்கக் கடிதமும் தந்தேன். அதில் இருந்தவை: வால்வின் வகையும் பொருத்திய ஆண்டும், எல்லா மருந்துகளும் வணிகப்பெயரிலும் பொதுப்பெயரிலும், கடைசி ஆறு ஐ.என்.ஆர். அளவுகளும் தேதிகளும், அசினோகூமரால் வார்ஃபரின் என்ற மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிடக் குறைந்த நேரமே உடலில் நிற்கும் மருந்து என்ற ஒரு வரி, ஈறையோ வேர்நுனியையோ தொடும் பல் சிகிச்சைக்கு முன்பு தடுப்பு ஆன்டிபயாட்டிக் தேவை என்ற ஒரு வரி, என் தொலைபேசி எண். அப்போது பல்லைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அசிட்ரோம் மாத்திரை மூன்று மாதத்திற்கே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குள் தன் சொந்த உபயோகத்திற்கான மருந்தை மூன்று மாத அளவுக்கு மேற்படாமல் கொண்டுபோவதே அங்குள்ள பொதுவான நெறி என்பதை அவருடைய மகள் சரியாகவே விசாரித்துச் சொல்லியிருந்தார். மிச்சத்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அசினோகூமரால் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் அறிகுறிகள்

வலி தொடங்கியது அங்கே போய்ச் சில வாரங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கணவனும் மனைவியும் தீர்மானித்தார்கள். மனைவி ஊரிலிருந்து ஒரு மருந்துப் பை கொண்டுபோயிருந்தார். பல்வலி, வயிற்றுப்போக்கு, சளி என்று தனித்தனிக் காகிதத்தில் எழுதி ரப்பர் வளையம் போட்ட சிறு பொட்டலங்கள். பல்வலிப் பொட்டலத்தில் இருந்தவை மருந்துக்கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரின் முதல் பாதி மட்டும், இன்னொன்றில் காலாவதித் தேதியின் மாதம் மட்டும் மிஞ்சியிருந்தன. பெயர் பாதி தெரிந்தது மெட்ரோனிடசோல் 400 மி.கி. என்ற ஆன்டிபயாட்டிக்; மற்றது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. நம் ஊரில் பல்வலி என்று கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த வகை ஜோடிதான். மூன்று நாட்கள் இரண்டையும் சாப்பிட்டார். வலியால் சரியாக உணவு எடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது ஈறிலிருந்து வந்த இரத்தம் நிற்கவில்லை. வலப்பக்கத் தாடை வீங்கியிருந்தது. மகள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 100.8 டிகிரி. அங்கே காலை எட்டரை மணி, இங்கே மாலை ஆறு மணி அளவில் மகள் என்னை அழைத்தார்.

தொலைபேசியில் எடுத்த முடிவுகள்

மகளின் முதல் யோசனை, திங்கட்கிழமை பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அதுவரை ஊரிலிருந்து கொண்டுவந்த ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது. வால்வு இல்லாத ஒருவருக்கு இது அவ்வளவு தவறான யோசனை அல்ல. முடிவு சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேட்டேன். வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்கச் சிரமம் உண்டா? குரல் மாறியிருக்கிறதா? தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் கெட்டியாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர்நுனிச் சீழ் வெளிப்புறமாகக் கன்னத்துக்கு வந்தால் வலியோடு போகும். உட்புறமாக நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் இறங்கினால் சில மணி நேரத்தில் மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடும். அவருக்கு விழுங்குவதில் சிரமம் இல்லை, குரலும் மாறவில்லை. ஆனால் வாய் முழுதாகத் திறக்கவில்லை.

பிறகு, வாயில் போட்ட மாத்திரை ஒவ்வொன்றையும் காட்டச் சொன்னேன். மகள் வீடியோ அழைப்பில் அந்த வெட்டுப்பட்ட அட்டைகளைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். மெட்ரோனிடசோல் என்று உறுதியானதும் இரத்தம் நிற்காததன் காரணம் தெளிவானது. அசிட்ரோம், வார்ஃபரின் ஆகியவற்றைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை மெட்ரோனிடசோல் தடுக்கிறது. அதே மாத்திரை அளவு உடலில் இரண்டு பங்குபோல வேலை செய்யத் தொடங்குகிறது. உணவு குறைந்ததால் கீரையிலும் காய்கறியிலும் கிடைக்கும் வைட்டமின் கே-யும் குறைந்திருந்தது. டைக்ளோஃபினாக் தன் பங்குக்கு, இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளின் வேலையைக் கெடுத்து, இரைப்பைப் புண்ணுக்கும் வழி செய்யும். மூன்றும் ஒரே திசையில் தள்ளின.

அன்று எடுத்த முடிவுகளையும் காரணங்களையும் வரிசையாகக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, திங்கள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது. வீட்டுக்குப் பக்கத்தில் முன்பதிவின்றிப் பார்க்கும் சிறு கிளினிக் இருந்தது. கட்டணமும் பல மடங்கு குறைவு. ஆனால் அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது, இதய எக்கோ கிடையாது. செயற்கை வால்வு உள்ளவருக்குக் காய்ச்சல் என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை வால்வில் கிருமித்தொற்று இருக்கலாம் என்றே நினைத்துச் செயல்பட வேண்டும்.

இரண்டாவது, மெட்ரோனிடசோலையும் டைக்ளோஃபினாக்கையும் உடனே நிறுத்துவது. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். அமெரிக்காவில் பாரசிட்டமால் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென், பரவலாகத் தெரிந்த வணிகப்பெயர் டைலனால். பல்வலி என்று சொன்னால் அங்குள்ள கடைகளில் முதலில் காட்டுவது ஐபுப்ரோஃபென். பொதுவாகப் பல்வலிக்கு அது நல்ல மருந்துதான், டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்தது என்பதால் இவருக்கு ஆகாது.

மூன்றாவது முடிவு, ஆக்மென்டினை வீட்டில் தொடங்க வேண்டாம் என்பது. இதை மகள் உடனே ஏற்கவில்லை. அப்பா காய்ச்சலோடு இருக்கிறார், கையில் நல்ல மருந்து இருக்கிறது, கொடுக்காமல் எப்படி இருப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வால்வில் தொற்று இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் போகலாம். நோய் இருந்தும் இல்லை என்றே பரிசோதனை காட்டலாம். மெட்ரோனிடசோல் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாலும், இந்த வால்வுத் தொற்றுக்கு வழக்கமாகக் காரணமாகும் வாய்வாழ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை அது பெரிதாகத் தொடுவதில்லை என்பதால் அந்தப் பரிசோதனைக்கு இன்னும் மதிப்பு இருந்தது. மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவில் இருக்கும்போது அந்த அரை மணியைப் பொறுத்துக்கொள்வதே சரி. மூச்சிலோ விழுங்குவதிலோ சிரமம் இருந்திருந்தால் அங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கத்தான் சொல்லியிருப்பேன்.

நோயாளிதான் கிளம்ப மறுத்தார். வலியைவிட அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது பில். மகளுக்கு இந்த நேரத்தில் செலவு வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் யாராக இருந்தாலும், பணமோ காப்பீடோ இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவரிடம் நேரடியாகச் சொன்னேன். "சரிங்க டாக்டர், நீங்க சொன்னா போறேன்" என்றார்.

மருத்துவமனையில் நடந்தவை

வரவேற்பிலேயே மகள் அந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்தார். அது இல்லாமல் போயிருந்தால் நடந்திருக்கக்கூடியதை ஊகிப்பது கடினமல்ல: பல்வலியோடு வந்த ஒரு முதியவர், பெயர் தெரியாத ஒரு மாத்திரை, வரிசையில் காத்திருப்பு. கடிதத்தில் இருந்த செயற்கை மைட்ரல் வால்வு என்ற சொல்லும் அன்றைய காய்ச்சல் அளவும் சேர்ந்து அவரை விரைவாக உள்ளே அழைக்க வைத்தன. அசிட்ரோம் என்ற பெயர் அங்குள்ள மருத்துவருக்குத் தெரியவில்லை. பொதுப்பெயரைக் கொண்டு மருத்துவமனையின் மருந்தாளுநர் அதைத் தேடி உறுதி செய்தார்.

ஐ.என்.ஆர். 5.4. கிருமி வளர்ப்புக்காக வெவ்வேறு இடங்களில் இரத்தம் எடுத்த பிறகே நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். சி.டி. ஸ்கேனில் சீழ்க்கட்டி தாடையை ஒட்டியே நின்றிருந்தது, கழுத்துக்கு இறங்கவில்லை. எக்கோவில் வால்வு சரியாக இயங்கியது, கிருமிப் படிவு எதுவும் தென்படவில்லை.

உயர்ந்த ஐ.என்.ஆர்.-ஐ உடனே இறக்க வைட்டமின் கே ஊசி போடலாமா என்ற கேள்வி எழுந்தது. பெரிய இரத்தக்கசிவு இல்லாதபோது, செயற்கை வால்வு உள்ளவருக்கு அதை அவசரமாகக் கீழே தள்ளுவது வால்வில் இரத்தம் உறையும் ஆபத்தைத் தரும். பிறகு மாத்திரை பல நாட்கள் வேலை செய்யாமலும் போகலாம். அசினோகூமரால் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 முதல் 11 மணி நேரம் போதும். வார்ஃபரினுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும். ஆகவே ஒரு வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாள் பார்ப்பது என்று அங்குள்ள மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அது மிகச் சரியான முடிவு. மறுநாள் 3.9, அதற்கு மறுநாள் 3.1. காய்ச்சலும் இறங்கியது. ஆக்மென்டின் மாத்திரையோடு திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிருமி வளர்ப்பில் ஐந்து நாட்கள் கழித்தும் எதுவும் வளரவில்லை.

பல்லுக்கு மட்டும் அங்கே எதுவும் செய்யவில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றின் அவசரப் பிரிவில் பல் மருத்துவர் இருப்பதில்லை. தொற்றையும் வலியையும் அடக்கிப் பல் மருத்துவரிடம் அனுப்புவதே வழக்கம். காரணமான பல் வாயிலேயே இருக்கும்வரை ஆன்டிபயாட்டிக் வாங்கித் தருவது சிறிது கால அவகாசம் மட்டுமே.

பல்லைக் காப்பதா, எடுப்பதா

தனியார் பல் மருத்துவர் ஒருவர் வேர் சிகிச்சையை முடித்துக் கேப் போட ஏறத்தாழ 2,900 டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். 2022 ஜனவரி முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, காப்பீடின்றித் தன் கைப்பணத்தில் சிகிச்சை பெறுபவர் கேட்டால் கட்டண மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடவும் இடமுண்டு. மகள் இதைக் கேட்டு வாங்கியது நல்ல காரியம், ஏனென்றால் மதிப்பீட்டைப் பார்த்த பிறகுதான் மாற்று வழி தேடவே தோன்றியது.

பணத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும் நான் பல்லை எடுக்கும் பக்கமே நின்றேன். ஒருமுறை சீழ் வைத்த வேரில் மறுபடி சிகிச்சை செய்து, அது பலிக்கவில்லை என்றால், செயற்கை வால்வு உள்ளவர் இன்னொரு தொற்றைத் தாங்க வேண்டிவரும். பிரசவ வீட்டில் இருந்துகொண்டு நான்கைந்து முறை பல் மருத்துவரிடம் அலைவதும் நடக்காது. ஒரு கடைவாய்ப்பல் இல்லாமல் சாப்பிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பல்லை எடுப்பதானால் ஐந்து நாட்கள் இரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார் அந்தத் தனியார் மருத்துவர். நம் ஊரிலும் இதே அறிவுரை இன்றும் தரப்படுகிறது. இதை நான் உறுதியாக மறுத்தேன். மைட்ரல் இடத்து உலோக வால்வு, உறைதல் ஆபத்து மிகுந்த வகை. அதற்கு மாத்திரையை நாட்கணக்கில் நிறுத்துவதால் பக்கவாதம் வரலாம், உயிரும் போகலாம். பல் எடுத்த குழியில் வரும் இரத்தத்தை நேரடியாக அழுத்தி, தைத்து நிறுத்தலாம். மூளைக்குப் போன இரத்தக்கட்டியை அப்படி எட்ட முடியாது. ஐ.என்.ஆர். உரிய எல்லைக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஒரு பல்லை எடுக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்கள் ஒருமித்துச் சொல்வது.

ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் வாய் அறுவைப் பிரிவு இதை ஏற்றுக்கொண்டது. அங்கே பயிற்சி மருத்துவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்கிறார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், கட்டணம் கணிசமாகக் குறைவு. சிக்கலான நோயாளிகளைப் பார்த்துப் பழகிய இடமும்கூட. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

வியாழக்கிழமை பல் எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். 2.8. தடுப்பு ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு நுட்பம் இங்கே வந்தது. செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் எடுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் ஒரே வேளையாகத் தருவதே வழக்கம். இவரோ அதே வகை மருந்தான ஆக்மென்டினை ஏற்கெனவே நாட்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைத் தாங்கிப் பிழைத்த கிருமிகள் வாயில் மிஞ்சியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வேறு வகை மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. ஒரு வேளை கொடுத்தார்கள். நம்மூரில் இன்னும் பலர் இந்த இடத்தில் கிளிண்டாமைசின் எழுதுகிறார்கள். கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஆபத்தைக் கருதி, அமெரிக்க இதயச் சங்கம் 2021-லேயே அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

பல்லை எடுத்ததும் குழிக்குள் இரத்தம் உறைய உதவும் பஞ்சு வைத்துத் தைத்தார்கள். அரை மணி நேரம் துணியைக் கடித்தபடி அங்கேயே உட்காரவைத்து, கசிவு நின்றதைப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். இரத்தக்கசிவைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலக் கரைசலை வாயில் வைத்திருந்து துப்பச் சொல்லி இரண்டு நாட்களுக்குக் கொடுத்தார்கள். சூடான காபியும் ரசமும் விலக்கப்பட்டன. ஆறிய தயிர்சாதம் மட்டும். அன்றிரவு எச்சிலில் இலேசான சிவப்பு இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை.

கட்டணமும் காப்பீடும்

மருத்துவமனையின் பில் 19,000 டாலருக்கு மேல் வந்தது. புறப்படும்முன் இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடு இருந்தது. பல் சிகிச்சைக்கு அதில் உச்சவரம்பு 300 டாலர், அதுவும் திடீர் வலியைத் தணிப்பதற்கு மட்டும். முன்பே இருந்த நோய்களுக்கு உயிராபத்து நேர்ந்தாலன்றிப் பணம் கிடையாது. நிறுவனம் முதலில் முழுவதையும் மறுத்தது. வால்வு முன்பே இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் குடும்பத்தார் எதிர்பார்க்கவில்லை: பாதியில் நின்ற வேர் சிகிச்சை, பயணத்திற்கு முன்பே தொடங்கிய நோய் என்பதற்கான சான்றாகிவிட்டது. நோயாளி அனுமதிக்கப்பட்ட அன்றே மகள் காப்பீட்டு உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லிப் பதிவெண் வாங்கியிருந்ததும், கழுத்துக்குப் பரவும் ஆபத்து இருந்ததை மருத்துவமனை தந்த விடுவிப்புச் சுருக்கம் தெளிவாகக் குறிப்பிட்டிருந்ததும் மேல்முறையீட்டில் கைகொடுத்தன. பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு அவசர சிகிச்சையின் ஒரு பகுதிக்கு மட்டும் பணம் வந்தது.

அதைவிடப் பெரிய உதவி மருத்துவமனையிடமிருந்தே கிடைத்தது. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிச்சட்டப்படி எழுத்து வடிவிலான ஒரு நிதியுதவிக் கொள்கையை வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள்வரை விண்ணப்பிக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு மருத்துவமனையின் விதியையும் பொறுத்தது. இந்த மருத்துவமனை நோயாளியின் ஓய்வூதியத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொகையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. பில் வந்தவுடன் கடன் அட்டையில் கட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

மாத்திரை மாற்றம்

பல் பிரச்சினை முடிந்ததும், நான் கேட்டுக்கொண்டதன்பேரில் மகள் அசிட்ரோம் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு இருந்தது. தங்க வேண்டியதோ அதைவிட இருமடங்குக்கும் மேல். மருந்துக்கடையில் விசாரித்தபோது அந்த மருந்தே இல்லை என்று சொன்னார்கள். புதிய வகை இரத்த மாத்திரைகளை உலோக வால்வு உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. எனவே வார்ஃபரினுக்கு மாறுவதே வழி. இரண்டையும் மி.கி.-க்கு மி.கி. மாற்ற முடியாது, வார்ஃபரின் கூடுதலாகத் தேவைப்படும், நிலைபெற நாளும் பிடிக்கும். வருமானத்திற்கேற்பக் கட்டணம் வாங்கும் ஒரு சமூக நல மருத்துவ நிலையத்தில் இதைச் செய்துகொடுத்தார்கள். விரல்நுனி இரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்த்து, முதலில் சில நாட்களுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை அளவைத் திருத்தினார்கள். இரண்டு முறை எண் 2.5-க்குக் கீழே போனது. ஆபத்தான அந்த இடைவெளி எந்தத் தீங்குமின்றிக் கடந்துபோனது.

பேரக்குழந்தை பிறந்தது இந்தக் காலத்தில்தான். ஆறாவது மாதத்தில் நோயாளி நல்ல நிலையில் ஊர் திரும்பினார். ஐ.என்.ஆர். அப்போது 2.9.

நடைமுறையில் செய்துள்ள மாற்றங்கள்

இந்த நிகழ்வுக்குப் பிறகு, வெளிநாடு செல்லும் நோயாளிகள் எங்கள் கிளினிக்கில் சான்று கேட்டு வரும்போது, முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறோம். ஆடும் பல், தற்காலிக அடைப்பு, பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை இருந்தால் பயணத்திற்கு முன்பே முடிக்க வேண்டும். முடிக்க நேரமில்லையென்றால் பல்லை எடுத்துவிடுவதைப் பற்றிப் பேச வேண்டும். செயற்கை வால்வு உள்ளவரிடம் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்று மாதத்திற்கு மேல் அமெரிக்காவில் தங்கப்போகும் அசிட்ரோம் நோயாளிகளைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வார்ஃபரினுக்கு மாற்றி, இங்கேயே ஐ.என்.ஆர். நிலைபெறச் செய்து அனுப்புகிறோம். எந்த நாட்டுக்குப் போனாலும், தன் மருந்து அங்கே கிடைக்கிறதா என்பதைப் பொதுப்பெயரை வைத்து முன்கூட்டியே விசாரிக்கச் சொல்கிறோம். ஆகவே விமானச் சீட்டு எடுத்தவுடனே வரும்படி நோயாளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கடைசி வாரத்தில் வந்தால் கடிதம் மட்டுமே தர முடியும்.

மருந்துப் பையில் வெட்டிய அட்டைகள் கூடாது. முழு அட்டை, பெயரும் தேதியும் தெரியும்படி, மருந்துச்சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். இரத்த மாத்திரை சாப்பிடுபவரின் பையில் மெட்ரோனிடசோலோ டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்கவே கூடாது என்பதைக் கடிதத்தின் கீழே தமிழிலும் எழுதித் தருகிறோம், ஏனென்றால் அந்தப் பையைக் கட்டுபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள அம்மாதான்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, இவ்வளவு பழைய இதய நோய் உள்ளவருக்கு முழுப் பாதுகாப்புத் தரும் பயணக் காப்பீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. முன்பே இருந்த நோய் திடீரென்று தீவிரமானால் எவ்வளவு தருவார்கள், பல்லுக்கு உச்சவரம்பு என்ன, தகவல் சொல்ல எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கும்படி மட்டும் சொல்கிறேன்.

நோயாளி இப்போதும் வார்ஃபரினிலேயே இருக்கிறார். அடுத்த பயணத்துக்கு முன் மற்ற பற்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் மேல்தாடையில் இன்னொரு பழைய அடைப்புக்குக் கீழே சொத்தை தெரிந்தது. அது அடைக்கப்பட்டுவிட்டது.